நவம்பர் மாதச் சான்று

அருமனைக் கிளையில் மூன்றாம் கவுண்டருக்கு
நான் வந்த வருஷமே அவரும் வந்தார்,
ரப்பர் ஷீட்டின் புகைவாசத்தோடு.
"உயிரோட இருக்கேன், எழுதிக்க மக்ளே."

நாயக் சீலாஸ். சிக்னல் படை, ஓய்வு.
படிவத்தில் கையெழுத்திடும் முன்
கண்ணாடியை வேட்டி நுனியால் துடைப்பார்.
ஒருமுறை பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:
"நல்லாப் பாத்து எழுது.
ஒருக்கா தப்பா எழுதிப்போட்டானுவ."

அறுபத்திரண்டில், நேபா மலையில்
கம்பிச் சுருளைத் தோளில் மாட்டி
ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குப்
பேச்சை இழுத்துக்கொண்டு போனவர்.
மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை.
போரைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

இங்கே தந்தி வந்தது.
சபையில் மணி அடித்தார்கள்.
உடலில்லாத அடக்கத்துக்கு
அவருடைய வெள்ளைச் சட்டையை மடித்து
மேசைமேல் வைத்துப் பாடினார்கள்.
அம்மாவுக்கு ஏழு மாதம் பணம் வந்தது.
எட்டாம் மாதம், மார்த்தாண்டம் பஸ்ஸிலிருந்து
கால்விரல் இரண்டு குறைந்து இறங்கினார்.
கதவைத் திறக்காமல் அம்மா ஜன்னல் வழியே
பேரைக் கேட்டாளாம்.
படை நம்பரோடு சேர்த்துச் சொன்னாராம்.

பதிவேட்டில் போதகர் சிவப்பு மையால்
ஒரு கோடு இழுத்து முடித்துக்கொண்டார்.
அரசாங்கம் முடிக்கவில்லை:
செத்ததற்குக் கொடுத்ததை
வந்ததற்காகச் சம்பளத்தில் பிடித்தது.
அதிலும் நூற்றிப் பதினாலு ரூபாய் கூடுதலாம்.
அறுபது வருஷம் மனு எழுதினார்.
நானே பதினேழு தட்டச்சு செய்திருக்கிறேன்.

பதிவேட்டில் செத்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்?
மேல்புறத்துத் தங்கலீலா சம்மதித்தாள்.
"ஒருக்கா செத்தவரு
சட்டுன்னு சாவமாட்டாரு."
அவள் போய்ப் பத்தொன்பது வருஷமாகிறது.

ஒரு சுதந்திர தினத்தில்
பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள்.
ஈரக் காலுறையை வயிற்றோடு ஒட்டிப் படுத்தால்
விடியுமுன் காயும் என்றார்.
தையல் மடிப்பில் பேன் எப்படி ஒளியும் என்றார்.
நசுக்கும் சத்தத்தை நாக்கால் செய்துகாட்டினார்.
தலைமையாசிரியர் மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார்.
கடைசி பெஞ்சு மட்டும் எழுந்து நின்று கைதட்டியது.

பட்டாளம் விட்டபின் பால்வெட்டு,
நாற்பது வருஷம்,
தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில்.
ஆசிட்டில் கைரேகை கரைந்தது.
விரல் வைக்கும் கருவி வந்த நவம்பரில்
பத்து விரலையும் வாங்கிப் பார்த்துவிட்டு
பொருந்தவில்லை என்றது.
"பாத்தியா, மறுபடியும்!"
சிரித்ததில் பல்செட் நழுவிக் கவுண்டரில் விழுந்தது.
இரண்டு பேரும் அதைப் பார்க்காததுபோல
மழையைப் பற்றிப் பேசினோம்.

போன நவம்பரில் வரவில்லை.
கருவியைப் பாலித்தீனில் சுற்றிக்கொண்டு
நானே போனேன்.
கட்டிலில் சுருட்டிவைத்த கம்பிபோலக் கிடந்தார்.
கண்ணை வைத்துப் பிடித்தோம்.
பச்சை விளக்கு எரிந்தது.
"ஏத்துக்கிட்டானா?" என்றார்.
ஏற்றுக்கொண்டான் என்றேன்.
"அந்த நூத்திப் பதினாலு?"
கருவியை மூடிக்கொண்டிருந்தேன்,
பதில் சொல்லவில்லை.

ஜனவரியில் மகன் சான்றிதழோடு வந்தார்.
வயது தொண்ணூற்றிரண்டு.
சந்திப்பில் சங்கம் வைத்த ஃப்ளெக்ஸில்
யாருடைய மீசையோ இருந்தது.
அவர் மீசை வைத்ததே இல்லை.

திரை கேட்கிறது: இறந்த தேதி.
அடித்தேன்.
மறுபடி கேட்கிறது: உறுதிதானா?
தேதியை இன்னொருமுறை
சான்றிதழோடு ஒத்துப்பார்த்தேன்.
நல்லாப் பாத்து எழுதச் சொன்னவர்.

போன தடவை ஏழு மாதம் ஆனது.

நாற்பத்தொன்றாம் டோக்கன்காரர்
கண்ணாடியைத் தட்டுகிறார்.
விரல் சுட்டியில் இருக்க,
வாசலில் வந்து நின்ற மார்த்தாண்டம் பஸ்ஸிலிருந்து
எல்லோரும் இறங்கி முடிக்கட்டும் என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.